பனிக்கட்டியும் கதிர் வீசும்

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜெனீவா நகரத்து அறிவியலாளர் மார்க்-அகஸ்ட் பிக்டே ஒரு சோதனை செய்தார். பளபளப்பான இரண்டு உலோகக் குழியாடிகளை எதிரெதிரே, சில அடி இடைவெளி விட்டு நிறுத்தினார். ஒன்றின் குவியத்தில் வெப்பமானி. இன்னொன்றின் குவியத்தில் சூடான பொருளை வைத்தால் வெப்பமானி ஏறும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இந்த முறை சூடான பொருளுக்குப் பதிலாகப் பனி நிரப்பிய குடுவையை வைத்துப் பார்த்தார். வெப்பமானி இறங்கியது. பனியில் அமிலத்தை ஊற்றி இன்னும் குளிர வைத்தார். வெப்பமானி இன்னும் இறங்கியது.

பிக்டே குழம்பிப் போனார். சூடு கண்ணாடியில் பட்டுத் தெறித்து வரும், சரி. குளிருமா தெறித்து வரும்? அப்படியானால் குளிர் என்பது தனியாக ஒரு கதிரா? பிற்காலத்தில் ரம்ஃபோர்டு போன்ற பெரிய ஆட்களே ‘ஆமாம், குளிர்க்கதிர் உண்டு’ என்று வாதாடினார்கள். உண்மையில் அப்படி ஒன்று கிடையாது. பிறகு வெப்பமானி ஏன் இறங்கியது? அதற்கான விடையில்தான் வெப்பக் கதிர்வீச்சின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்குள் கொஞ்சம் அடிப்படையைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டையும் ‘சூடு’ என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது. பொருளுக்குள் அணுக்களும் மூலக்கூறுகளும் ஓயாமல் அதிர்ந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. சராசரியாக ஒவ்வொன்றும் எவ்வளவு துடிக்கிறது என்பதைக் காட்டுவது வெப்பநிலை. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இடம் மாறும் ஆற்றல், வெப்பம். சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டும்போது பறக்கும் தீப்பொறியை நினைத்துப் பாருங்கள். அதன் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனாலும் கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். துளியூண்டு பொறியில் இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. 60 டிகிரி வெந்நீர் ஒரு வாளி மேலே கொட்டினால் கதையே வேறு.

இரண்டாவது, வெப்பம் தானாகப் போகும் திசை ஒன்றே ஒன்றுதான்: சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு. ‘குளிர் அடிக்கிறது’, ‘குளிர் உள்ளே வருகிறது’ என்றெல்லாம் சொல்கிறோம். பேச்சுக்கு அது சரிதான். இயற்பியலில் குளிர் எங்கிருந்தும் வருவதில்லை. நம்மிடமிருந்து வெப்பம் வெளியே போகிறது, அந்த இழப்பைத்தான் தோல் குளிராக உணர்கிறது.

அப்படிப் போவதற்கு மூன்று வழி உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. மூன்றும் சரிநிகர் சமானம் போலப் பாடப்புத்தகம் வரிசையாக அடுக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் இரண்டும் பங்காளிகள். மூன்றாவது வேறு குலம்.

கடத்தலில் அணுக்கள் பக்கத்தில் இருப்பதை இடித்து இடித்து ஆற்றலைக் கைமாற்றுகின்றன. யாரும் இடம்விட்டு நகர்வதில்லை. உலோகங்களில் இதோடு, கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்களும் ஆற்றலைச் சுமந்து ஓடுவதால் வேலை மளமளவென்று நடக்கும். கடத்துதிறனை எண்ணால் சொன்னால் வேறுபாடு எவ்வளவு பெரியது என்று தெரியும். செம்புக்கு ஏறக்குறைய 400, எவர்சில்வருக்கு 15, கண்ணாடிக்கு 1, தண்ணீருக்கு 0.6, மரத்துக்கு 0.15 அளவு, அசையாத காற்றுக்கு 0.025. (அலகு: ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட்.) செம்புக்கும் காற்றுக்கும் 16,000 மடங்கு இடைவெளி! வைரம் செம்பையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்: சுமார் 2,000. அதில் ஓடித்திரியும் எலக்ட்ரான் இல்லை. அணுக்கள் அத்தனை விறைப்பாகப் பிணைந்திருப்பதால் ஒரு முனை அதிர்ந்தால் மறுமுனைக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

காலையில் கதவின் உலோகக் கைப்பிடி சில்லென்று இருக்கிறது, மரக்கதவு அப்படியில்லை. இரண்டும் இரவு முழுக்க ஒரே அறையில்தான் இருந்தன, வெப்பநிலையும் ஒன்றுதான். கைப்பிடி நம் கையின் வெப்பத்தை வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது, மரத்துக்கு அந்த வேகம் இல்லை. அதாவது நம் தோல் வெப்பநிலையை அளப்பதில்லை, வெப்பம் போகும் வேகத்தைத்தான் அளக்கிறது. கம்பளியும் அப்படித்தான். அது சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடித்து, வெப்பம் போவதைத் தாமதப்படுத்துகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். சும்மா வைத்ததைவிட மெதுவாக உருகும்.

சுவரின் பரப்பு கூடினால் கடத்தல் கூடும், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு கூடினால் கூடும், தடிமன் கூடினால் குறையும். ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1822-இல் இதை முறையான கோட்பாடாக எழுதி வைத்தார்.

சலனம் என்பது, கடத்தலில் வாங்கிய வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு திரவமோ வாயுவோ தானே நடந்து போவது. சூடானது லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். அதனால்தான் பாத்திரத்தை அடியில் சூடாக்குகிறோம். ஒரு சோதனைக் குழாயின் அடியில் கம்பி வலையால் பனிக்கட்டியை அழுத்தி வைத்து, மேல்பகுதித் தண்ணீரை மட்டும் சூடாக்கினால், மேலே தண்ணீர் கொதிக்கும், கீழே பனிக்கட்டி அப்படியே கிடக்கும். தண்ணீர் எவ்வளவு மோசமான கடத்தி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மின்விசிறியும் அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் உண்மையில் கொஞ்சம் சூடாக்கவே செய்கிறது. உடம்பை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றை விரட்டி, வியர்வை ஆவியாக வழி செய்கிறது. சலனத்துக்குப் புவியீர்ப்பு எவ்வளவு முக்கியம் என்று பார்க்க விண்வெளிக்குப் போக வேண்டும். அங்கே விண்கலத்துக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தினால் சுடர் மேல்நோக்கி நீளாது, ஏறக்குறைய உருண்டையாக நிற்கும். மேல், கீழ் என்றே ஒன்று இல்லாத இடத்தில் சூடான காற்று எங்கே ஏறும்?

இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது பொருள் இருந்தே ஆக வேண்டும். சூரியனுக்கும் நமக்கும் நடுவே 15 கோடி கிலோமீட்டர் வெறும் வெளி. இருந்தும் வெயில் சுடுகிறது. சூரியனைவிட்டுக் கிளம்பி எட்டு நிமிடம் சொச்சத்தில் அந்த வெப்பம் நம் முதுகில் விழுகிறது. அது ஒளியின் வேகம். காரணம், அது ஒளியேதான்.

மின்னூட்டம் கொண்ட எதை ஆட்டினாலும் மின்காந்த அலை கிளம்பும். அணுக்களுக்குள் எலக்ட்ரானும் புரோட்டானும் இருக்கின்றன. அணுக்கள் ஆடாமல் இருப்பதே இல்லை. ஆகவே வெப்பநிலை என்று ஒன்று இருக்கும் எல்லாப் பொருளும் எப்போதும் மின்காந்த அலையை வீசிக்கொண்டே இருக்கிறது. இதில் விலக்கே கிடையாது: நீங்கள், நாற்காலி, சுவர், பனிக்கட்டி, திரவ நைட்ரஜன் எல்லாமும்தான். ‘சூடான பொருள் கதிர் வீசும்’ என்று படித்ததை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு ஏன் இருட்டில் நாற்காலி தெரிவதில்லை? அது வீசும் அலை நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் வெயிலை வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்ற எல்லாவற்றையும்விட ஏறியது. (சூரியனின் கதிர் உச்சம் உண்மையில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தான் இருக்கிறது. முப்பட்டகம் சிவப்புப் பக்கத்தை நெருக்கிக் குவித்துவிடுவதால் ஹெர்ஷலுக்கு அப்படித் தெரிந்தது. ஆனாலும் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்புதான்.)

இனி பிக்டேயின் புதிருக்கு வரலாம். அதை அவிழ்த்தவர் அதே ஜெனீவாவைச் சேர்ந்த பியர் பிரெவோ, 1791-இல். எல்லாப் பொருளும் எல்லா நேரமும் வீசுகிறது, எல்லாப் பொருளும் சுற்றியிருப்பவை வீசுவதை வாங்கிக்கொள்கிறது என்றார் அவர். கடை வைத்திருப்பவரின் கணக்குப் போல, வரவும் உண்டு செலவும் உண்டு. வரவு அதிகமானால் சூடேறும், செலவு அதிகமானால் ஆறும், இரண்டும் சமமானால் வெப்பநிலை மாறாது. மாறாமல் நிற்பதால் பரிமாற்றம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆனால் எவ்வளவு வீசும் என்று சொல்லும் விதி வருவதற்கு இன்னும் 88 ஆண்டுகள் ஆனது. பிளாட்டினம் கம்பி ஒன்றை மங்கிய சிவப்பிலிருந்து வெண்மையாகச் சூடேற்றியபோது அது வீசும் வெப்பம் ஏறக்குறைய 12 மடங்கு கூடியது என்று ஜான் டின்டால் அளந்திருந்தார். ஆஸ்திரியாவைச் சேர்ந்த யோசப் ஸ்டெஃபான் 1879-இல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். 525 டிகிரியிலிருந்து 1,200 டிகிரி, கெல்வினில் 798-இலிருந்து 1,473. விகிதம் 1.846. அதையே நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 11.6! வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர்வீச்சு கூடுகிறது என்று அவர் முடிவு கட்டினார். ஐந்து ஆண்டு கழித்து அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் அதைக் கோட்பாட்டு வழியாக நிறுவினார். ஒரு சதுர மீட்டர் பரப்பு வீசும் வாட் அளவு வேண்டுமா? கெல்வின் வெப்பநிலையை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 5.67 × 10⁻⁸ என்ற மாறிலியால் பெருக்குங்கள்.

கெல்வின் என்பதை மறந்துவிடக் கூடாது. தனிச்சுழியான −273.15 டிகிரி செல்சியஸிலிருந்து எண்ணத் தொடங்கும் அளவு அது. 50 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் வெப்பநிலை இரண்டு மடங்கு, கதிர்வீச்சு 16 மடங்கு என்று அவசரப்பட்டுக் கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். 323 கெல்வினிலிருந்து 373 கெல்வின், அவ்வளவுதான். கதிர்வீச்சு 1.8 மடங்குகூட ஆவதில்லை.

சரி, கணக்கு. 20 டிகிரி அறையில் சுவர், மேசை, வெப்பமானி எல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 420 வாட் வீசுகின்றன. பனிக்கட்டி எவ்வளவு வீசும்? பூஜ்யம் இல்லை. 273 கெல்வினுக்கு 300 வாட்டுக்கு மேல். பிக்டேயின் வெப்பமானி முன்பு 420 செலவழித்து, சுற்றுப்புறத்திலிருந்து அதே 420-ஐ வரவாகப் பெற்றுக்கொண்டிருந்தது. குழியாடி என்ன செய்தது? அறையின் ஒரு பகுதியை மறைத்து, அதற்குப் பதில் பனிக்கட்டியைக் காட்டியது. அந்தப் பகுதியிலிருந்து வர வேண்டிய 420, 300 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. செலவு மட்டும் குறையவில்லை. வெப்பமானி இறங்காமல் என்ன செய்யும்? கண்ணாடியில் தெறித்து வந்தது குளிர் இல்லை, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பம்.

நம் உடம்பிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. 33 டிகிரியில் இருக்கும் தோல் சதுர மீட்டருக்கு 500 வாட் அளவுக்கு வீசுகிறது. பெரிய எண்தான், பயப்பட வேண்டாம், 20 டிகிரி அறை 420-ஐத் திருப்பித் தந்துவிடும். நிகர இழப்பு சதுர மீட்டருக்கு 80, நம் தோலின் பரப்போ ஒரு சதுர மீட்டரைவிட நிறையவே அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு மொத்தமாக உண்டாக்கும் வெப்பமே 100 வாட் அளவுதான். உடை இல்லாமல் அந்த அறையில் ஏன் நடுங்குகிறோம் என்பது இப்போது புரியும். அறைக்காற்று இதமாக இருந்தும், சுவர் 10 டிகிரிக்கு ஆறிப்போயிருந்தால் உடம்பு சிலிர்க்கும். காற்றில் குறை இல்லை; சுவரிடமிருந்து வர வேண்டிய 420, 365-ஆகக் குறைந்துவிட்டது.

எவ்வளவு என்பதோடு, எந்த அலைநீளத்தில் என்பதையும் வெப்பநிலையே முடிவு செய்கிறது. 1893-இல் வில்ஹெல்ம் வீன் சொன்னது எளிமையானது: 2,898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். சூரியப் பரப்பு 5,772 கெல்வின், அதனால் உச்சம் 0.5 மைக்ரான், நம் கண் நன்றாகப் பார்க்கும் இடம். நம் தோலுக்கு 9.5 மைக்ரான். பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை 2,700 கெல்வின் அளவில் எரியும், உச்சம் 1.07 மைக்ரான். அதுவும் அகச்சிவப்புதான். மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகாமல், மிச்சமெல்லாம் சூடாகவே போனது. அதைச் சூடடுப்பு என்று விற்றிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

இரும்பைக் காய்ச்சும்போது 525 டிகிரி வாக்கில் மங்கிய சிவப்பு முதலில் தெரியும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெண்மை. கொல்லர்கள் வெப்பமானி இல்லாமலே இரும்பின் பதம் பார்ப்பது இப்படித்தான். குழாயில் நீலம் குளிருக்கு, சிவப்பு சூட்டுக்கு என்று குறி போடுகிறோம். விண்மீன்களிடம் அது தலைகீழ். நீலமாகத் தெரிவதுதான் கொதிப்பது.

இந்த நிறமாலை ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று அன்றைய இயற்பியலால் விளக்க முடியவில்லை. அதன் விதிகளை அப்படியே போட்டால், அலைநீளம் குறையக் குறையக் கதிர்வீச்சு எல்லையில்லாமல் பெருக வேண்டும். 1900 டிசம்பரில் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் தொடர்ச்சியாக இல்லாமல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் கைமாறும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். வளைவு அச்சாகப் பொருந்தியது. குவாண்டம் இயற்பியல் அங்கேதான் தொடங்குகிறது. அது தனிக் கட்டுரைக்கான கதை.

இதுவரை சொன்ன எண்கள், தன்மேல் படும் கதிரையெல்லாம் உறிஞ்சிவிடும் முழுமையான ‘கரும்பொருளுக்கு’. நிஜப் பொருள்கள் அதில் ஒரு பங்கைத்தான் வீசும். அந்தப் பங்கின் பெயர் உமிழ்திறன். இதை நான் கற்றுக்கொண்டது அசட்டுத்தனமாக. குறிபார்த்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கைக்கு வந்த புதிதில், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் இருந்த எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கவாட்டைக் குறிவைத்தேன். நாற்பது சொச்சம் காட்டியது. கருவி பழுது என்று முடிவு கட்டி, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவே கிளம்பிவிட்டேன். அப்புறம் பாத்திரத்தில் கொஞ்சம் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி அதே இடத்தை அளந்தால், தொண்ணூறைத் தாண்டியது. கருவியில் கோளாறு இல்லை. பளபளப்பான உலோகம் தன் கதிரைக் கொஞ்சமாகவே வீசுகிறது. மிச்சத்துக்கு அறையின் கதிரைப் பிரதிபலிக்கிறது. நான் பெரும்பாலும் அறையின் பிம்பத்தைத்தான் அளந்துகொண்டிருந்தேன். 1804-இல் ஜான் லெஸ்லி வெந்நீர் நிரப்பிய உலோகக் கனசதுரத்தின் ஒரு பக்கத்தை மெருகேற்றி, ஒரு பக்கத்தில் கரி பூசிக் காட்டியதும் இதே விஷயம்.

நன்றாக உறிஞ்சுவது நன்றாக வீசும் என்பது 1859-இல் கிர்க்ஹாஃப் தந்த விதி. அந்தந்த அலைநீளத்தில் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ‘கறுப்பு உறிஞ்சும், வெள்ளை உறிஞ்சாது’ என்று எல்லாவற்றுக்கும் சொல்லத் தோன்றும். சாதாரண வெள்ளைப் பெயின்ட், கறுப்புப் பெயின்ட் இரண்டுக்கும் 10 மைக்ரான் பக்கத்தில் உமிழ்திறன் 0.9 அளவுதான். பனிப்பொழிவு கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அகச்சிவப்பில் அது கிட்டத்தட்டக் கன்னங்கறுப்பு. மனிதத் தோலும் எந்த நிறமானாலும் அகச்சிவப்பில் ஒரே கறுப்பு. வெள்ளைக் கூரை குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், வெயிலின் குறுகிய அலைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே தன் நீண்ட அலைகளைத் தாராளமாக வீசுவதுதான். வெறும் அலுமினியத் தகடு வெயிலைத் திருப்பும், ஆனால் தன் சூட்டை வெளியே விடாது. அதனால் வெயிலில் அது நன்றாகவே சுடும்.

மூன்று வழியையும் ஒரே சமயத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வெற்றிடக் குடுவை இருக்கிறது. ஜேம்ஸ் டிவார் 1892-இல், திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாக்க அதைச் செய்தார். இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்ததால் கடத்தலும் சலனமும் போயின. உள்பக்கம் வெள்ளிப்பூச்சு இருப்பதால் கதிர்வீச்சும் பெருமளவு போயிற்று. மிஞ்சும் ஓட்டை, கழுத்தும் மூடியும்தான். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் இதே உத்தி டென்னிஸ் மைதான அளவுக்கு விரிந்திருக்கிறது. அலுமினியம் பூசிய ஐந்து மெல்லிய திரைகள், நடுவே வெற்றிடம். வெயில் படும் பக்கம் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நெருங்கும்போது, நிழல் பக்கம் −230 டிகிரியை ஒட்டியிருக்கிறது. விண்வெளி ‘குளிர்’ என்பதால் கருவிகள் தானாக ஆறிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கே காற்றே இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் அம்மோனியாவைக் குழாய்களில் ஓடவிட்டு, அகன்ற பலகைகள் வழியாகக் கதிராக வீசியே தன் சூட்டைத் தணிக்கிறது.

பூமிக்கும் வெளியே தள்ள இந்த ஒரே வழிதான். சூரியன் சதுர மீட்டருக்கு 1,361 வாட் அனுப்புகிறது. உருண்டை முழுவதற்கும் பங்கிட்டால் நான்கில் ஒரு பங்கு, அதில் 30 சதவீதம் மேகமும் பனியும் திருப்பிவிடும்; மிச்சம் 240 வாட் அளவு. 240 வீசுவதற்கு ஒரு பொருள் −18 டிகிரியில் இருந்தால் போதும். ஆனால் தரையின் சராசரி 15 டிகிரி. நடுவே இருக்கும் 33 டிகிரி, காற்றுமண்டலத்தின் கைங்கரியம். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெயிலைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகின்றன, தரை வீசும் அகச்சிவப்பை உறிஞ்சி ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி வீசுகின்றன. தரையின் வரவு கூடுகிறது. கார்பன் டை ஆக்சைடு பெருகினால் இந்த வரவு இன்னும் கூடும்.

ஆனால் 8 முதல் 13 மைக்ரான் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த அலைகளைக் காற்று அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. நம் வெப்பநிலையில் இருக்கும் பொருள்கள் அதிகம் வீசுவதும் அங்கேதான். மேகமில்லாத இரவில் புல், கார்க் கூரை எல்லாம் அந்த ஜன்னல் வழியாக வானத்துக்குச் செலவழித்துக்கொண்டே இருக்கும், வரவு குறைவு. சுற்றியுள்ள காற்றைவிட அவை குளிர்ந்து போய்ப் பனித்துளி படியும். மேகம் மூடிய இரவில் மேகமே வரவு கொடுத்துவிடும், துளி படிவது குறைவு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் பகலிலும் செய்து காட்டினார்கள். வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பி, அந்த ஜன்னலில் மட்டும் நன்றாக வீசும் ஒரு மெல்லிய படலம், நேர் வெயிலில் மின்சாரம் இல்லாமல் காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்து நின்றது.

பிக்டேயின் வெப்பமானியைக் குழியாடியோடு தெளிந்த வானத்தை நோக்கித் திருப்பினால் பனிக்கட்டியே வேண்டாம், அதுவாகவே இறங்கும். லெஸ்லி பின்னாளில் அப்படி ஒரு கருவியே செய்தார். காற்றுமண்டலத்தையும் தாண்டிப் போனால், விண்மீன்களுக்கு இடையே இருட்டாகத் தெரியும் வெளியும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. 2.7 கெல்வின், உச்சம் ஒரு மில்லிமீட்டர் அலைநீளத்தில். 1964-இல் அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலாக அதைக் கேட்டார்கள். முதலில், ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களைச் சந்தேகப்பட்டார்கள்.